கண்புரை அறுவைக்கு முன் தரும் மாத்திரை



பாப்பாரப்பட்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் உள்ள நம் முதியோரைக் கண்புரை அறுவைக்காகத் தருமபுரிக்கோ சேலத்துக்கோ அழைத்துச் செல்லும்போது ஒரு கேள்வி எழுவதுண்டு: பதற்றம் தணிக்கத் தரும் மாத்திரையை உட்கொள்ளலாமா? அறிவை மயக்குவது மார்க்கத்தில் தடையாயிற்றே!

இன்பத்துக்காகப் போதை கொள்வது வேறு. மருத்துவர் அளவறிந்து தருவது வேறு. சிகிச்சைத் தேவைக்காக மயக்க மருந்து பயன்படுத்துவதை ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். கால் வெட்டப்பட்டபோது மயக்கும் பானத்தை உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) மறுத்ததாக வரலாறு கூறும். அது அவர்களின் தனிப்பட்ட மனவுறுதி. நடுங்கும் நம் அத்தா மீதும் அம்மா மீதும் சுமத்தத்தக்க சட்டமன்று.

ஆயினும், கேளாமல் விழுங்கவும் கூடாது என்பதே நம் கருத்து. கண்புரை அறுவையில் சொட்டு மருந்தோ கண்ணருகே போடும் ஊசியோதான் வலியை மரக்கச் செய்கிறது. மாத்திரை தணிப்பது அச்சத்தை மட்டுமே. நோயாளி விழித்திருந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். அளவு மிகுந்தால் அவர் உறங்கிப்போய்த் திடுக்கிட்டு விழித்துத் தலையை அசைத்துவிடக்கூடும்.

மாத்திரைகள் யாவும் ஒன்றல்ல. டயஸிபாம் முதியோர் உடலில் சில நாள்கள்கூடத் தங்கும். மறுநாளும் தள்ளாட்டம், குழப்பம் நேரலாம். அல்பிரஸோலாம் அதனினும் விரைவில் நீங்கும். எனினும் அதன் பாதியளவு நீங்கவே பத்து மணி நேரத்துக்கு மேலாகும். மிடஸோலாம் சில மணி நேரத்தில் தணியும். ஆனால் மூச்சைக் கண்காணிப்போர் அருகில் இருக்க வேண்டும். மெலடோனின் மென்மையானது, அதன் பயன் குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. நரம்பில் ஏற்றும் மிடஸோலாமுடன் வாய்வழி டிரையஸோலாமை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. மாத்திரை பெற்றோரின் மனநிறைவு குறைவுபடவில்லை என்றது அது. ஊசிதான் உயர்ந்தது என்ற எண்ணம் தேவையில்லை.

எனவே மருத்துவரிடம் நாம் கேட்போம்: இது தேவையா? எந்த மருந்து, எவ்வளவு? எப்போது தெளியும்? உறக்கத்தில் மூச்சுத் தடை, நுரையீரல் நோய், வழக்கமாக உண்ணும் தூக்க மாத்திரை ஆகியவற்றை மறைக்காமல் சொல்வோம். அண்டை வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் தருவது பெருந்தவறு. அன்றிரவு முதியவரைத் தனியே விடலாகாது. கழிவறைக்குச் செல்லும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கிடைத்த பார்வையின் பயனும் குன்றிவிடும்.

சொல்வதை உணராத நிலையில் தொழுகையை நெருங்கலாகாது என்பது குர்ஆனின் போதனை. ஆதலால் மருந்துக்கு முன்பே தொழுதுவிடுவதும், பின்னர்த் தெளிந்தபின் தொழுவதும் முறை. கண்ணில் நீர் படலாகாது, குனியலாகாது என்று மருத்துவர் சொன்னால், தயம்மும், சைகையால் ஸஜ்தா ஆகிய சலுகைகளைப் பற்றி ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டறிக. விழுங்கும் மாத்திரை நோன்பை முறிக்கும். அவசரமில்லையேல் ரமளானுக்குப் பின் நாள் குறிக்கலாம்.

செவிலியர் கையைப் பற்றியிருப்பதே பதற்றத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. என்ன நடக்கும் என்பதை முதல்நாளே நிதானமாக எடுத்துச் சொல்லும் மகனும் மகளும் அத்தகைய மருந்தே. வல்ல ரஹ்மான் நம் பெற்றோரின் பார்வையில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.