இல்லாத காருக்கு இடம் தேடி அலைவதா?



இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் சொந்த வீடு வாங்குவதைப் பற்றி எழுதியிருந்த சகோதரி, கார் நிறுத்த இடமில்லாத ஃப்ளாட்டை சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள் என்று முடித்திருந்தார். அவர் பட்ட கஷ்டம் அவருக்கு. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கிற பேச்சைக் கேட்டால், இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கையில் இப்போது இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று, நாங்கள் 11 வருஷமாக வாடகைக்கு இருக்கும் மேற்கு மாம்பலத்திலேயே, இரண்டு தெரு தள்ளி. பழைய கட்டடம், முதல் மாடி, 600 சதுர அடி. லிஃப்ட் கிடையாது. கார் பார்க்கிங் கிடையாது. இன்னொன்று கூடுவாஞ்சேரியைத் தாண்டி, புதுசு, 950 சதுர அடி, லிஃப்ட், வாட்ச்மேன், கார் பார்க்கிங் எல்லாம் உண்டு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது நம் சக்திக்கு மீறினது!

என் கணவருக்குப் புதுசு பிடித்திருக்கிறது. "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு அந்தப் பக்கம் எப்படி வளருது பாரு" என்கிறார். நாத்தனார் கணவர் ஒரு படி மேலே போய், "இந்தக் காலத்துல பார்க்கிங் இல்லாம ஒரு வீடாம்மா? நாளைக்கு உன் பொண்ணைப் பார்க்க வர்றவங்க காரை எங்க நிறுத்துவாங்க?" என்று கேட்டார். என் பெண் இப்போதுதான் ஒன்பதாவது படிக்கிறாள். "அதுக்கு இன்னும் நாள் இருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போய்விட்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எங்களிடம் கார் இல்லை. இருப்பது ஒரு பைக், ஒரு ஸ்கூட்டி. இல்லாத காருக்காக, இருக்கிற வாழ்க்கையை எதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்?

இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பெண் நடந்து பள்ளிக்கூடம் போய் வருகிறாள். கணவருக்குக் கிண்டியில் வேலை. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. 2023-ல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைபாதை திறந்த பிறகு, துணி எடுக்கவோ பஸ் பிடிக்கவோ ரங்கநாதன் தெரு கூட்டத்தில் இடிபடாமல் மேலேயே நடந்து போய்விடுகிறேன். மாமியாருக்கு 72 வயது. முட்டி வலிதான், ஆனாலும் சாயங்காலம் கோதண்டராமர் கோயிலுக்கு மெதுவாகத் தானே நடந்து போய் வருவார். காய்கறி, டாக்டர், மருந்துக்கடை எல்லாம் கூப்பிடு தூரம்.

கூடுவாஞ்சேரி வீடு ஸ்டேஷனிலிருந்து 4 கிலோ மீட்டர். பகலில் ஷேர் ஆட்டோ உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதிர்ஷ்டம். அங்கே குடியிருக்கும் ஒரு அம்மாவிடம் கேட்டேன், "கொத்தமல்லி வாங்கணும்னாக்கூட வண்டி எடுக்கணும்" என்றார். மாமியார் கோயிலுக்குப் போக நான் கூட்டிப் போக வேண்டும், பெண் டியூஷன் போக நான் விட வேண்டும். ஆறே மாதத்தில் ஒரு கார் வாங்கலாமா என்ற பேச்சு வரும். பார்க்கிங் உள்ள வீட்டுக்குப் போனால்தான் நமக்குக் கார் தேவைப்படும். பார்க்கிங் இல்லாத இந்த வீட்டில் காரே தேவையில்லை! இந்தச் சின்ன விஷயம் ஆண்களுக்கு ஏன் புரிவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நான் வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுகிறவள். போன வருஷம் கால் டாக்சி எத்தனை தடவை எடுத்தோம் என்று கூட்டிப் பார்த்தேன். 23 தடவை. ஆஸ்பத்திரி, கல்யாணம், எழும்பூர் ஸ்டேஷன் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். கூடுவாஞ்சேரியில் பார்க்கிங்குக்கு மட்டும் தனியாக 3 லட்சம் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இதே கணக்குக்கு 30 வருஷம் டாக்சியில் போகலாம். கட்டணம் ஏறாதா என்பீர்கள். ஏறட்டும், 15 வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கும் விலை, இன்சூரன்ஸ், பெட்ரோல் எதையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

அந்த 3 லட்ச ரூபாய் பார்க்கிங்கையும் போய்ப் பார்த்தோம். இரண்டு தூணுக்கு நடுவில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார்கள். என் தையல் டேப்பைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அளந்தால் ஏழரை அடிதான் அகலம். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் விட வேண்டும் என்பது விதி. இரண்டரை மீட்டர் என்றால் எட்டு அடிக்கு மேல். கதவைத் திறந்து மாமியார் எப்படி இறங்குவார் என்று கேட்டேன். வீட்டைக் காட்டிய பையன், "முன்னாடியே இறக்கிட்டு அப்புறம் வண்டியை உள்ள விடணும்க்கா" என்றான். மேலே கூரை இல்லாத இடம் என்றால் ஒன்றரை லட்சத்துக்கே தருவதாகவும் சொன்னான். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் திறந்தவெளி பார்க்கிங் எல்லாருக்கும் பொதுவான இடம், அதைத் தனியாக விற்க முடியாது என்று இருக்கிறது. ஃப்ளாட் பார்க்கிற சகோதரிகள் இதைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டாலே போதாது. எந்த இடம், எத்தனை அடி, பத்திரத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பரில் எத்தனை அடுக்கு மாடிகளில் கார் பார்க்கிங்கிலேயே கார் முழுகியது! 2024 அக்டோபரில் மழை வருகிறது என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டு போய் நிறுத்தினார்களே, அவர்களில் வீட்டில் பார்க்கிங் உள்ளவர்களும் இருந்திருப்பார்கள்.

இதனால் பார்க்கிங்கே முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் சொந்தமாக கால் டாக்சி ஓட்டுகிறார். வண்டிதான் அவர்களுக்குச் சோறு. பார்க்கிங் இல்லாத வீடு வாங்கி, பக்கத்துக் காலி மனையில் மாதம் 2,000 ரூபாய் கொடுத்து நிறுத்தினார்கள். அந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்ததும் இடம் போயிற்று. இப்போது ஒன்றரை கிலோ மீட்டர் தள்ளி விடுகிறார். ராத்திரி ஒரு மணிக்குச் சவாரி முடித்து, வண்டியை விட்டுவிட்டு நடந்து வருகிறார். அவர் வரும்வரை என் தங்கை தூங்குவதில்லை. அவளைப் போன்றவர்கள் பார்க்கிங் இல்லாத வீட்டை வாங்கவே கூடாது. வீட்டில் நடக்க முடியாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் இருந்தாலும் அப்படித்தான். ஏற்கெனவே கார் உள்ளவர்கள், "தெருவில் விட்டுக்கலாம்" என்று நம்பி வாங்கினால், கஷ்டம் அவர்களுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே.

தெரு என்பது யாருடைய வீட்டு வாசலும் அல்ல. ஆனால் எங்கள் பக்கம் உடைந்த பூந்தொட்டி, செங்கல், பழைய டயர் என்று போட்டு இடம் பிடித்து வைக்கிறார்கள். கேட்டில் "வண்டியை நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று போர்டு. ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டு, நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் கார் வைத்துக்கொள்ள முடியும் என்று ஆக்கிவிட்டார்களாம். இங்கே அப்படி வந்தால் எங்கள் தெருவில் பாதிக் கார் காணாமல் போய்விடும்.

இந்தத் தெருச் சண்டையில் மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? காலையில் ஆபீஸ் போகிற ஆண்கள் இல்லை. வீட்டில் இருக்கிற நாம்தான். பதினோரு மணிக்கு காலிங் பெல்லை அழுத்தி, "உங்க வண்டியாம்மா? எடுக்கச் சொல்லுங்க" என்பார்கள். எடுப்பதற்கு நமக்குக் கார் ஓட்டத் தெரியாது. தண்ணீர் லாரி தெருவுக்குள் வர முடியாமல் திரும்பிப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு முனைக்கு ஓடுவதும் நாம்தான். சிலிண்டர் போடுகிறவர் "உள்ள வண்டி வராதும்மா" என்று மேலே ஐம்பது ரூபாய் கேட்பதும் நம்மிடம்தான். அப்படியிருக்க, வீடு பார்க்கும்போது மட்டும் பார்க்கிங் என்பது ஆண்கள் பேசுகிற பேச்சாக இருக்கிறது.

இப்போது இருக்கும் தெருவில் மூன்று வருஷத்துக்கு முன் எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது 108 ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. யாரோ ஒருவர் திருப்பத்தில் காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் முனை வரை தூக்கிப் போனார்கள். தாத்தா பிழைத்தார், ஆனால் அதைப் பார்த்த பிறகு என் மாமியாருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதனால் எங்களுக்குக் கார் வைக்க இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

பகலில் பார்த்தால் எல்லாத் தெருவும் அகலமாகத்தான் தெரியும். நானும் நாத்தனாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போய், எல்லா வண்டியும் வந்து சேர்ந்த பிறகு பார்த்தோம். அந்தத் தெருவில் ஒரு பக்கம்தான் கார் நிற்கிறது, எதிர்ப்பக்கம் மழைநீர் வடிகால் இருப்பதால் யாரும் விடுவதில்லை. காலை ஏழு மணிக்கு மறுபடி போனோம். பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்து ஒதுங்கிப் போயின. புரோக்கர் சொல்லாத எத்தனையோ விஷயத்தை முனையில் இஸ்திரி போடுகிற அம்மா சொன்னார். எந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பது உட்பட!

எனக்கு இருக்கிற கவலை, எங்கள் ஸ்கூட்டியும் பைக்கும்தான். கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்தில் ஆளுக்கு இரண்டு வண்டி விட்டுக்கொள்கிறார்கள். விற்கிறவர், "அதெல்லாம் வழக்கம்தான்மா, யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். வழக்கம் என்பது ஆள் மாறினால் மாறிவிடும். அதனால் கட்டடத்துச் சங்கத்திலிருந்து எழுத்தில் வாங்கித் தந்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தெருவில் விட்டால் பெட்ரோல் திருட்டு, நாய் சீட்டைக் கிழிப்பது எல்லாம் உண்டு, அது நமக்கு ஒத்து வராது.

"திரும்ப விற்கும்போது யார் வாங்குவார்?" என்று கணவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கார் இருக்கிறவர் வாங்க மாட்டார், விலையும் கொஞ்சம் குறையும். ஆனால் பத்திரத்தைப் பார்த்தால், இந்தச் சின்ன ஃப்ளாட்டுக்கு பிரிக்கப்படாத பாகம் 390 சதுர அடி நிலம். அந்தப் பெரிய ஃப்ளாட்டுக்கு 340. நிலம்தானே பின்னால் பேசும்? கட்டடம் பழசாகி இடிக்க வேண்டி வந்தால், 2022-ல் போட்ட அடுக்கு மாடிச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தாலே போதும். புதிதாகக் கட்டும்போது 2019 கட்டட விதிகளின்படி வண்டி நிறுத்த இடம் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும். அப்போது பார்க்கிங்கும் தானாக வரும். என் பெண்ணைப் பார்க்க வருபவர்கள் அதற்குள் வந்துவிட்டால், முனையில் நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் நடந்து வரட்டுமே!

கணவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டடம் என்பதால் பேங்கில் இன்ஜினீயர் வந்து பார்த்து, எத்தனை வருஷத்துக்கு லோன் தருவோம் என்று சொல்ல வேண்டும். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் இரண்டில் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருக்கிறோம். பழைய ஃப்ளாட்டில் பார்க்கிங் இல்லாமல் குடியிருக்கும் வாசகிகள், இரண்டு சக்கர வண்டிக்கு உங்கள் கட்டடத்தில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், சங்கத்தில் எப்படி எழுதி வாங்கினீர்கள் என்பதை இந்தப் பகுதிக்கு எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். ஆவணிக்கு முன்னால் எழுதுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, மேற்கு மாம்பலம், சென்னை-33.