லயத்தின் இருளுக்கு யார் பொறுப்பு?

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற்குச் சில மாதங்களுக்கு முன் சென்றிருந்தேன். பழைய லயமொன்றின் கூரைத் தகரங்கள் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. அந்த வேலைக்காகத் துண்டித்த மின்னிணைப்பு மட்டும் மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையொன்று குப்பி விளக்கின் முன் குனிந்திருந்தது.

"துரைகிட்ட கேட்டா மின்சார சபையப் பாருங்கன்னு சொல்றாரு. அங்க போனா தோட்டத்துக் கடிதம் கொண்டாங்கன்னு சொல்றாங்க. நாங்க எங்கதாங்க ஐயா போறது?" என்றார் கொழுந்து பறிக்கும் தாயொருவர்.

திருத்த வேலையின்போது மின்சாரத்தைத் துண்டித்ததில் குற்றமில்லை. மின்னொழுக்கினால் லயங்கள் வரிசையாக எரிந்த செய்திகளை எத்தனையோ முறை வாசித்துவிட்டோம். துண்டித்தவர்களுக்கு மீண்டும் இணைத்துக் கொடுக்கும் கடமையும் உண்டு என்பதே என் வாதம்.

கொழும்பில் வாடகை வீட்டில் இருப்பவர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். முறையிட வாடகைச் சபை என்றொரு கதவேனும் அவருக்கு உண்டு. லயக் காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழ்பவரிடம் வாடகைப் பற்றுச்சீட்டும் இல்லை, காணி உறுதியும் இல்லை. அவர் வாடகைக்காரரும் அல்லர், உரிமையாளரும் அல்லர். நீதிமன்றக் கட்டளையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து எவரையும் வெளியேற்றலாகாது என்று 1971இல் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் வெளியேற்றாமலே இருளில் இருத்தி வைத்தால் என்ன செய்வது?

"வாடகையே வாங்காத வீட்டிற்கு இத்தனை கேள்வியா?" என்று நிர்வாகத் தரப்பில் கேட்பார்கள். இலவசம் என்பது பொய். கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்ட நியாயங்களில் இந்த லயமும் ஒன்று. ஆகவே இதன் வாடகை, தொழிலாளியின் உழைப்பிலிருந்து என்றோ கழிக்கப்பட்டுவிட்டது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கை மாறும்போதெல்லாம் தேயிலைக்குக் கணக்கெடுத்தார்கள். லயத்தின் பொறுப்பை யார் ஏற்பதென்பது மட்டும் மங்கலாகவே விடப்பட்டது.

இதில் பெருங்கொடுமை ஒன்றுண்டு. பழைய லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நிலையம் 1965இல் வந்தது. காசல்ரீயிலும் மவுஸ்ஸாக்கலையிலும் தேங்கும் இந்த மலைகளின் நீர்தான் தலைநகருக்கு ஒளி தந்தது. அந்த நீர்த்தேக்கங்களைப் பார்த்தபடி நிற்கும் லயங்களில் ஒரு மின்குமிழுக்காகக் கடிதம் கேட்டு அலைகிறார்கள்!

தலைவர்களோ புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டுவதில் மும்முரமாயிருக்கிறார்கள். 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளுக்கான வேலை தொடங்கியதே 2024இல்தான். அதுவரை லயத்தில் இருப்பவர் எப்படி வாழ்வது?

கேட்பது மூன்றே. திருத்த வேலைக்கு முன், மின்சாரம் நிற்கும் நாளும் திரும்பும் நாளும் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். குறித்த நாள் தவறினால், நிர்வாகம் தன் செலவில் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். துரையின் கடிதமின்றி, குடியிருப்பவரின் பெயரிலேயே மின்மானி வழங்கப்பட வேண்டும்.

ஏழு பேர்ச் காணிக்கான உறுதி கைக்கு வரும்வரை இவற்றையாவது தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு போகட்டும். சந்தா மட்டும் மாதந்தவறாமல் கழிக்கப்படுகிறதே!