ஒத்த வாசிப்பும் உண்மை விடையும்

நியமிப்பில் மூன்று வாசிப்புகள் ஒத்துவிட்டால் விடையும் சரியே என்னும் நம்பிக்கை ஆய்வுகூடங்களில் வேரூன்றியுள்ளது. அது மூடநம்பிக்கையே. ஒத்த வாசிப்பு கைத்திறனுக்குச் சான்று, உண்மைக்குச் சான்றன்று.

4.00 கிராம் சோடியமைதரொட்சைட்டை நிறுத்து ஓர் இலீற்றர் கரைசலாக்கியவர், அதன் செறிவு 0.1000 மூலர் எனக் கொள்கிறார். அப்பொருளோ வளியிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும் இயல்பினது. நிறுத்ததில் 3 சதவீதம் ஈரமெனில் உண்மைச் செறிவு 0.0970 மூலரே. 0.1000 மூலர் ஐதரோகுளோரிக்கமிலத்தின் 25.00 மில்லிலீற்றரை நடுநிலையாக்க அளவியிலிருந்து 25.75, 25.80, 25.75 மில்லிலீற்றர் இறங்குகின்றன. வாசிப்புகள் அழகாக ஒத்துள்ளன. கணிக்கப்படும் அமிலச் செறிவோ 0.1031 மூலர். வாசிப்புகளின் வேறுபாடு 0.2 சதவீதம், விடையின் வழு 3 சதவீதம்.

எழுமாற்று வழுவைச் சராசரி குறைக்கும். முறைமை வழுவை அது தொடுவதேயில்லை. முப்பது முறை நியமித்தாலும் பயனில்லை. ஒட்சாலிக்கமிலப் பளிங்கு போன்ற முதல்நியமத்தைக் கொண்டு காரத்தின் செறிவை முன்னரே துணிதல் வேண்டும்.

எதிர்பார்த்த விடைக்கே புள்ளி வழங்கும் செய்முறை வகுப்பில் மூன்றாம் வாசிப்பை அளவி தருவதில்லை. மாணவனின் பேனாவே தருகிறது. வழுவை மறைக்கப் பழக்குவது விஞ்ஞானக் கல்வியாகாது. வழுவின் மூலத்தைத் தேடி எழுதுபவனுக்கே முதற்புள்ளி உரியது.