சித்தி பேரில் இருக்கும் பங்கு

பழனியிலிருந்து மலைப்பாதை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது பூர்வ ஜன்மத்துப் புண்ணியம். போன ஜனவரியில் எனக்கு அது கிடைத்தது. சவரிக்காடு தாண்டியதும் பனி உள்ளே வர ஆரம்பித்தது. வடகவுஞ்சியில் இறங்கும்போது மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சித்தி வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்துக் காப்பிப் பழம் காயப்போட்டிருந்தார்கள். சித்தப்பா மதுரையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றபின் இந்தத் தோட்டத்தோடு வந்து ஒன்றிவிட்டவர். மலைவாழை, காப்பி, வேலியோரம் பத்துப் பதினைந்து வெண்ணெய்ப்பழ மரம். வெண்ணெய்ப்பழம் மட்டும் சித்தியின் சொத்து. அவள் பிறந்த வீட்டார் கொடுத்த துண்டு நிலத்தில் அவளே நட்டது.

காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்த சூட்டோடு சித்தி தன் கைபேசியையும் நீட்டினாள்.

"ஏம்மா, நீ பத்திரிகையிலே பணம் காசு சமாசாரம் எல்லாம் எழுதறியாமே. இது என்னன்னு பாரு."

வருமான வரித் துறையிலிருந்து வந்த செய்தி. சித்தியின் பான் எண்ணில் இவ்வளவு டிவிடெண்டு வந்திருக்கிறது, இவ்வளவு ரூபாய்க்குப் பங்கு விற்றிருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. மிரட்டல் ஒன்றுமில்லை. ஆனால் சித்தி மிரண்டுதான் போயிருந்தாள்.

"நான் பிறந்ததிலேருந்து ஒரு ஷேர் வாங்கினதுமில்லை, வித்ததுமில்லை!"

திண்ணையிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்: "வாங்கினவன் நான், வித்தவனும் நான். பேர் மட்டும்தான் உன்னது. வரி மிச்சம் ஆகுமேன்னு போட்டு வெச்சேன்."

நம் வாசகிகளில் எத்தனை பேர் வீட்டில் இதே வாக்கியம் ஒலித்திருக்கிறதோ!

சித்தப்பாவின் ஏற்பாட்டை விசாரித்தேன். டீமாட் கணக்கு ஐந்து வைத்து நடத்திக்கொண்டிருந்தார் மனிதர். ஒன்று அவர் பேரில். ஒன்று சித்தி பேரில். கோயமுத்தூர் மருமகள் பேரில் ஒன்று. எட்டு வயதுப் பேரன் பேரில் ஒன்று. டொராண்டோவில் இருக்கும் மகளின் பழைய கணக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதே கம்பெனிப் பங்குகள். ஆள் ஐந்து, ஆகையால் சலுகையும் ஐந்து மடங்கு என்பது அவருடைய உத்தேசம்.

"சித்தப்பா, உங்கள் காப்பிக்கு எப்படி வரி போடுகிறார்கள், தெரியுமோ?" என்று கேட்டேன்.

அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பழமாகப் பறித்து உலர்த்தி அப்படியே வியாபாரியிடம் போட்டுவிட்டால் அது விவசாய வருமானம். மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாது. அதையே க்யூரிங் செய்து தோல் நீக்கி விற்றால், வருமானத்தில் நூற்றுக்கு 25 பங்கு வியாபார வருமானம் என்று வரிக்கு வரும். வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டால் நூற்றுக்கு 40. கொட்டை ஒன்றுதான், எந்த ரூபத்தில் கைமாறுகிறது என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது.

பங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். எந்தப் பங்கு என்பதை மட்டும் பார்த்து வரி போடுவதில்லை. யாருடைய கணக்கில் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், யாருடைய பணத்தில் வந்தது என்பது. சித்தப்பா இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதை விட்டுவிட்டார்.

கணவன் தன் பணத்தையோ பங்கையோ மனைவிக்குச் சும்மா கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானத்தைக் கணவன் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். இது நேற்றுப் போட்ட விதி அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1937 இல் நுழைந்தது. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வருமாறு இயற்றிய 2025 ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். நம் கணவன்மார் இந்த வழியை 1937 க்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு இந்த விதியே அத்தாட்சி!

சித்தி கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2019 இல் சித்தப்பா தம் பேரில் வாங்கிய பங்கை, 2021 இல் சித்தி கணக்குக்கு மாற்றியிருக்கிறார். 2025 இல் விற்றதில் லாபம் 2 லட்ச ரூபாய். பட்டியலிட்ட பங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல், வருஷத்துக்கு 1,25,000 ரூபாய் வரை லாபத்துக்கு வரியில்லை. அதற்கு மேல் நூற்றுக்கு 12½. ஒரு வருஷத்துக்குள் விற்றால் நூற்றுக்கு 20. "அவளுக்கும் 1,25,000 உண்டே!" என்பது சித்தப்பாவின் வாதம். உண்டு, அவளுடைய பணமாக இருந்தால். இது அவர் கொடுத்தது. ஆகவே 2 லட்சமும் அவர் தலையில் ஏறுகிறது. அவருடைய சொந்த 1,25,000 சலுகையை அவர் ஏற்கனவே தம் கணக்கில் விற்றுத் தீர்த்துவிட்டார். எனவே 25,000 வரி, நூற்றுக்கு 4 செஸ் சேர்ந்து 26,000.

இதே பங்கைச் சித்தி தன் வெண்ணெய்ப்பழப் பணத்தில் வாங்கியிருந்தால்? வேறு வரிக்குரிய வருமானம் இல்லாதவள். புது முறையில் 2025-26 க்கு அடிப்படை விலக்கே 4 லட்சம். இந்த ஊரில் வசிக்கிறவருக்கு அந்த விலக்கில் மிச்சமிருப்பதைப் பங்கு லாபத்திலும் கழித்துக்கொள்ளலாம். வரி சைபர். (இங்கே ஓர் எச்சரிக்கை. 12 லட்சம் வரை வரியே இல்லை என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு பங்கு விற்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தள்ளுபடி இந்த லாபங்களுக்குப் பொருந்தாது. 4 லட்சம்தான் கணக்கு.)

மருமகள் கணக்கு? மாமனார் கொடுத்ததும் மாமனாரோடுதான் சேரும். 1973 ஜூன் முதல் தேதிக்குப் பின் கொடுத்த எதற்கும் அப்படி. பேரன் கணக்கு இன்னும் வேடிக்கை. மைனர் குழந்தையின் வருமானம், தாய் தந்தையரில் யாருக்கு அதிக வருமானமோ அவரோடு சேரும். தாத்தா ஆசையாகக் கொடுத்தார். வரி கோயமுத்தூரில் இருக்கும் மகனுக்கு. பாவம், அவனுக்கு இந்தக் கணக்கு இருப்பதே தெரியாது! பேரனுக்குப் பதினெட்டு நிரம்பினால் அவனவன் பாடு. குடும்பத்துக்கென்று தனியாகக் கூட்டுக் குடும்பக் கணக்கு திறந்து, அதில் தம் பங்கைப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

வயது வந்த மகன், மகள், பெற்றோர் ஆகியோருக்குக் கொடுத்தால் சேர்ப்பு இல்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்தாலும் இல்லை! மருமகளைப் பிடித்துக்கொண்ட சட்டம் மாப்பிள்ளையை ஏன் விட்டுவிட்டது என்று சித்தி கேட்டாள். எனக்கும் அது புரியவில்லை.

அந்தப் பேச்சு முடிந்து சித்தப்பா மோட்டார் போடப் போனபின்புதான் சித்தி தாழ்ந்த குரலில் உண்மையான சமாசாரத்துக்கு வந்தாள்.

"அந்த வித்த பணம் எங்கே போச்சு தெரியுமா? தோட்டத்துக்குக் கம்பி வேலி. காட்டுமாடு வந்து வாழையை மிதிக்குதுன்னு. அது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதே மாசம் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். அறுபதாயிரம் கேட்டேன். கையிலே இல்லைன்னுட்டார். என் சங்கிலியை வெச்சுத்தான் அனுப்பினேன்."

சங்கிலி அடகில் இருந்த அதே மாதத்தில், அவள் பேரிலிருந்த பங்கு லட்சக்கணக்கில் விலை போயிருக்கிறது. அவளுக்குத் தெரியாமல். கணக்கில் பதிவான கைபேசி எண் சித்தப்பாவுடையது; ஓ.டி.பி. அவருக்குத்தான் வரும். கணவன் மனைவி ஒரே எண்ணைப் பதிவு செய்துகொள்ள அனுமதி உண்டு. அதில் குற்றமில்லை. சித்தப்பா திருடரும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதியவர், இதையும் எழுதினார். அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது.

ஆனால் 2021 இல் பங்கை மாற்றக் கொடுத்த சீட்டின் நகலை எடுத்துக் காட்டச் சொன்னேன். காரணம் என்ற இடத்தில் 'அன்பளிப்பு' என்று குறித்து அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். வரி அவருடையது என்று சட்டம் சொல்வதால் பங்கும் அவருடையது என்று ஆகிவிடாது. அன்பளிப்பாகக் கொடுத்தாகிவிட்டது, பங்கு சித்தியுடையது. டிவிடெண்டும் அவளுடையது. விற்றுக் கம்பி வேலி போடுவதா, அக்காவின் முட்டியைச் சரிசெய்வதா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவளுடையது. வரி கட்டவேண்டியது மட்டும் அவர்! சட்டம் பெண்களுக்கு இவ்வளவு அனுகூலமாக ஒரு காரியம் செய்திருப்பது அபூர்வம். ஆனால் அதை யாரும் மனைவியிடம் சொல்வதில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த டிவிடெண்டைச் சித்தி செலவழிக்காமல் வேறு பங்கு வாங்கினால், அந்தப் புதுப் பங்கின் வருமானம் கணவனோடு சேராது. அது அவள் கணக்கிலேயே அவளுக்கே வரும். பிறந்த வீட்டார் கொடுத்தது, சொந்தச் சம்பளம், தன் நகையை விற்ற பணம் ஆகியவற்றில் வாங்கியதும் அப்படித்தான். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கலக்காமல், தன் பணத்துக்குத் தனி டீமாட் கணக்கு திறப்பது நல்லது. ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இரவு டொராண்டோவிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறதாம். நாங்கள் போர்வைக்குள் உட்கார்ந்து, எங்களுக்கும் குளிர்கிறது என்று போட்டிக்குச் சொன்னோம்.

அவளும் இதே வம்பில்தான் இருந்தாள். கனடாவிலும் கணவன் கொடுத்த பணத்தில் மனைவி பங்கு வாங்கினால் வருமானம் கணவனோடு சேரும். ஆனால் அவர்கள் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2009 இல் வந்த டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் மனைவி போடுவதற்குக் கணவன் பணம் கொடுக்கலாம். கணக்குக்குள் இருக்கும் வரை சேர்ப்பு இல்லை, லாபத்துக்கு வரியும் இல்லை. அளவு மட்டும் உண்டு. ஆரம்பத்திலிருந்து அங்கேயே வயது வந்தவராக வசித்தவருக்கு 2025 வரை மொத்தம் 1,02,000 டாலர். ஒரு சிநேகிதி இந்தத் தொகையைச் சொல்லி, 'முழுசும் போடு' என்றிருக்கிறாள். தங்கை போனது 2019 இல். அவளுக்கு அந்த வருஷத்திலிருந்து கூட்டினால் 44,500 தான். மீறிப் போட்டால் மீறியதற்கு மாதம் நூற்றுக்கு 1 அபராதம். நல்லவேளை, போடுவதற்கு முன் கூப்பிட்டாள்.

எதை எந்தக் கணக்கில் வைப்பது என்பதும் அங்கே பெரிய சமாசாரம். அமெரிக்கக் கம்பெனிப் பங்கை டி.எஃப்.எஸ்.ஏ.யில் வைத்தால், டிவிடெண்டில் நூற்றுக்கு 15 அமெரிக்காவே பிடித்துக்கொள்ளும், திரும்ப வராது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் நேரடியாக வைத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி பிடிப்பதில்லை. ஆனால் பிற்காலத்தில் எடுக்கும்போது எடுத்தது முழுவதும் வருமானம். சாதாரணக் கணக்கில் வைத்தால் பிடித்ததைக் கனடா வரியில் கழித்துக்கொள்ளலாம். கனடாக் கம்பெனி டிவிடெண்டுக்குத் தனிச் சலுகை கிடைப்பதும், விற்ற லாபத்தில் பாதிக்கு மட்டும் வரி விழுவதும் அந்தச் சாதாரணக் கணக்கில்தான்.

"நான் ஊருக்கே திரும்பி வந்துட்டா?" என்று கேட்டாள். சித்தி போர்வையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கே வந்து உள்ளூர்வாசி ஆனபின் டி.எஃப்.எஸ்.ஏ. என்ற பேருக்கு நம் சட்டத்தில் விசேஷ மரியாதை இல்லை. மற்ற வெளிநாட்டு வருமானம் போலத்தான். ஓய்வுக்காலக் கணக்குக்கு மட்டும், எடுக்கும்போது வரி கட்டினால் போதும் என்ற ஏற்பாட்டைக் கனடாவுக்கும் 2022 இல் அறிவித்தார்கள். சித்திக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. 'வந்துட்டா' என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

அந்த ஐந்தாவது கணக்குதான் பாக்கி. மகள் வெளிநாட்டுவாசி ஆனபின்னும் பழைய உள்ளூர்க் கணக்கிலேயே சித்தப்பா விற்று வாங்கிக்கொண்டிருந்தார். அது கூடாது. வெளிநாட்டுவாசிக் கணக்காக மாற்ற வேண்டும். அவளுடைய டிவிடெண்டில் நூற்றுக்கு 20 முதலிலேயே பிடிப்பார்கள். அடிப்படை விலக்கைப் பங்கு லாபத்தில் கழிக்கும் சௌகரியமும் அவளுக்கு இல்லை. கனடாவிலும் இதை வருமானமாகக் காட்ட வேண்டும். சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. "அஞ்சு கணக்கும் போச்சா?" என்றார்.

மறுநாள் காலை சித்தப்பா மேஜையில் உட்கார்ந்து ஒழுங்காகக் காரியம் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சித்தி பேரில் வந்த செய்திக்கு, இந்த வருமானம் வேறொரு பான் எண்ணைச் சேர்ந்தது என்று பதில் போட்டோம். தம் கணக்கில் அதைச் சேர்த்துக் காட்டி, 26,000 கட்ட ஒப்புக்கொண்டார். கொஞ்சம் முணுமுணுத்தார், அது அவர் உரிமை. கைபேசி எண் மாற்றும் பாரத்தை நான் நீட்டியபோது முணுமுணுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சித்தி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் தாமே பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

ஒரு சீப்பு மலைவாழையோடு பஸ் ஏறினேன். இரண்டு வாரம் கழித்துச் சித்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"ஓ.டி.பி. என் போனுக்கே வந்துடுத்தும்மா. நம்பர் என்னன்னு சித்தப்பா கேட்டார். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதிலேயே போட்டிருக்கே, எப்படிச் சொல்றதுன்னுட்டேன்."