பாக்கெட்டைத் திருப்பிப் பாரு தோழா!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை ரூம். ஒரே ஒரு அடுப்பு, ஒரே ஒரு வாணலி. 'இன்னிக்கு நூடுல்ஸ்டா மச்சான்!'னு நீங்க குரல் கொடுத்ததும் ரெண்டு பேர் தட்டோட ஓடி வர்றாங்க. நாலாவது ஆள் மட்டும், 'எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்கடா'ன்னு திரும்பிப் படுத்துக்கறான்.

அவனுக்குப் பசிக்குது பாஸ். கோதுமைதான் ஆகாது!

சீலியாக்னு ஒரு நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்கள்ல இருக்கிற குளூட்டன் புரதம் வயித்துக்குள்ள போனா, உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். ஆயுசு முழுக்க குளூட்டனைத் தொடாம இருக்கிறதுதான் சிகிச்சை. அதனால, 'ஒரு வாய்தானே, சாப்பிடுடா'ன்னு பாசத்தைப் பொழியாதீங்க. அந்த ஒரு வாயும் அவனுக்கு ஆபத்துதான்.

சரி, அவனுக்கு நூடுல்ஸே கிடையாதா? யார் சொன்னது? ஆசியாவோட அடுப்படிகளை ஒரு ரவுண்ட் வருவோம், வாங்க.

தாய்லாந்தோட பாட் தாய், வியட்நாமோட ஃபோ சூப், ரெண்டுலயும் போடறது தட்டையான அரிசி நூடுல்ஸ். நம்ம இடியாப்பத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்கங்களேன். சீனாவுல பாசிப்பயறு மாவுச்சத்துல செய்யற நூடுல்ஸ், வெந்ததும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். கொரியாக்காரங்க ஜாப்சேவுக்குப் போடறது சர்க்கரைவள்ளிக்கிழங்கு நூடுல்ஸ். இது மூணும் நம்ம நண்பனுக்கு ஏத்தது. ஜப்பானோட உடோன், ராமென் ரெண்டும் கோதுமை. அதனால நோ என்ட்ரி!

ஏமாந்து போற இடம் சோபா. இது பக்வீட் மாவுல செய்யறது. பேர்ல 'வீட்' இருந்தாலும் பக்வீட் கோதுமை இல்ல. 'அப்பாடா!'ன்னு வாங்கிடாதீங்க. மாவு உடையாம இருக்க, எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு ரெண்டு பங்கு கோதுமை கலக்கறது அங்கே பழைய வழக்கம். முழுக்க பக்வீட்ல செஞ்சதுக்கு 'ஜூவாரி'ன்னு தனிப்பேரே உண்டு.

நம்ம ஊர் மளிகைக் கடையிலும் இதே கதைதான். முன்பக்கம் ராகி சேமியான்னு கொட்டை எழுத்துல இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்துல கோதுமையோ மைதாவோ ஒளிஞ்சிருக்கலாம். அதனால எதை எடுத்தாலும் பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாது. அந்த வார்த்தை இருக்கான்னு தேடுங்க.

நூடுல்ஸ் பாஸாயிடுச்சா? அடுத்து சாஸ். சாதாரண சோயா சாஸ்ல பெரும்பாலும் கோதுமை உண்டு. கூட்டுப் பெருங்காயத்துலயும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பாங்க. ரெண்டு லேபிளையும் படிங்க. முக்கியமா, கோதுமை நூடுல்ஸ் வெந்த தண்ணியில இதைப் போடாதீங்க. வாணலி, கரண்டி, வடிதட்டு எல்லாத்தையும் நல்லாக் கழுவிட்டு ஆரம்பிங்க.

சமையல் ரொம்ப ஈஸி. தட்டை அரிசி நூடுல்ஸை வேகவைக்க வேணாம். சாதாத் தண்ணியில அரை மணி நேரம் ஊறட்டும். வளையற பதத்துல வடிச்சு, வதக்கின காய்கறியோட ரெண்டு மூணு நிமிஷம் புரட்டினா போதும். வேகவெச்சுட்டுத் திரும்ப வதக்கினா களிதான்!

ஒரு வார்த்தை. குளூட்டன் ஒத்துக்கிறவங்க ஃபேஷனுக்காக அதை விட வேண்டிய அவசியமில்ல. எனக்கும் சீலியாக் இருக்குமோன்னு சந்தேகமா? நீங்களா கோதுமையை நிறுத்தாம முதல்ல டாக்டரைப் பாருங்க. நிறுத்திட்டுப் போனா ரத்தப் பரிசோதனையில நோய் பிடிபடாமலே போகலாம்.

அடுத்த ஞாயிறு நூடுல்ஸ் போடறப்போ, நாலு பேருக்கும் ஒரே வாணலியில அரிசி நூடுல்ஸா போட்டுடுங்க. தனித்தட்டு, தனிச்சமையல் எதுவும் வேணாம். 'பசிக்கல'ன்னு சொன்னவன்தான் முதல்ல தட்டைத் தூக்கிட்டு வருவான், பாருங்க!