ஓடித் தீர்க்கும் கடனா ரொட்டி?

நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேர்விட்டிருக்கிறது. சாப்பாட்டை ஓடிச் சம்பாதிக்க வேண்டும், ஓடாத நாளில் வயிற்றைக் கட்ட வேண்டும் என்பதே அது. “நேத்து ரெண்டு பீஸ் கேக் உள்ள போயிடுச்சு, அதான் இன்னைக்கு அஞ்சு கிலோமீட்டர் சேர்த்து ஓடினேன்” என்று பெசன்ட் நகர் கடற்கரையில் யாராவது சொன்னால் சுற்றி நிற்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஓடுகிறவர் வீட்டில் ரொட்டி சுடுகிறவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தன் கையால் சுட்ட ரொட்டியை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் ஓரத்துண்டோடு நிறுத்திக்கொள்கிறார். “நாளைக்கு ரெஸ்ட் டே, எனக்கு வேண்டாம்” என்கிறார். இது கட்டுப்பாடு என்று போற்றப்படுகிறது. உண்மையில் இது எலும்பை முறிக்கக்கூடிய தவறு.

ஓட்டத்துக்கான எரிபொருளில் முக்கியமானது, மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்து ஏறக்குறைய 500 கிராம்தான் இருக்கும்; அதாவது 2,000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கலோரி பிடிக்கும். 42.195 கிலோமீட்டருக்கு 2,500 கலோரியைத் தாண்டும். கொழுப்பும் எரியும் என்பது உண்மை. ஆனால் வேகம் கூடக்கூட கிளைக்கோஜனின் பங்குதான் கூடும். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிப்போவது மனத்திடம் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் இருப்பு தீர்ந்துபோனதால்தான்.

இந்த இருப்பு எப்போது நிரம்புகிறது? 1966-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் ஓயும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு. பிறகு தொடைத் தசையிலிருந்து ஊசியால் துணுக்கெடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் இருந்த கிளைக்கோஜன் மற்றக் காலில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஓடி முடித்த தசைக்குப் பசி ஷூவைக் கழற்றிய பிறகுதான் தொடங்குகிறது, அது அடுத்த நாளும் நீள்கிறது. ஓய்வு நாளில் தட்டைத் தள்ளி வைக்கிறவர், பயிற்சியின் பலன் வந்து சேரும் வேளையில் கதவைச் சாத்துகிறார்.

அளவும் பார்க்கலாம். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்கிறவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையின் பரிந்துரை. 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 360 கிராம். ரொட்டியின் ஒரு துண்டில் 15 கிராம் இருக்கும். இரண்டு துண்டுக்காக ஒரு மனிதர் முகம் வாடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, அவர்மீது அல்ல, அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள்மீது.

ஓய்வே எடுக்காமல் ஓடினவர்கள் இல்லையா என்று கேட்பவர்கள் ரான் ஹில்லின் பெயரைச் சொல்வார்கள். 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகள், ஒரு நாளும் விடாமல் ஓடிய ஆங்கிலேயர். எனக்கும் அவர்மீது பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர் கதையைப் பாதியோடு நிறுத்துகிறார்கள். ஒரு மைல் ஓடினாலே அந்த நாள் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியம், 1969-இல் ஏதென்ஸில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் மாரத்தானை வென்றபோது, அந்த ஸ்வீடன் ஆய்வுகளிலிருந்து பிறந்த உணவு முறையைப் பின்பற்றித்தான் அவர் ஓடினார். போட்டிக்கு முந்திய நாள்களில் மாவுச்சத்தை ஏற்றிக்கொள்ளும் அந்த வழக்கத்தை மாரத்தானுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஓயாத ஓட்டத்துக்கு உதாரணம் காட்டப்படுகிறவரே ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் பயப்படவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மனோ, கடினமான நாளுக்கு அடுத்து இலகுவான நாள் என்பதைத் தன் வீரர்களுக்கு விதியாகவே வைத்திருந்தார்.

எலும்பு என்றேன். ஓடும்போது அடி வாங்கும் கணைக்கால் எலும்பில், பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வருகின்றன. புது எலும்பைக் கட்டும் செல்கள் பின்னால்தான் வருகின்றன. கரைக்கச் சில வாரம், கட்டச் சில மாதம். நடுவில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது ஓய்வும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் மயிரிழை விரிசல் விழுகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கை, உழைப்புக்கு ஈடான உணவில்லாத விளையாட்டு வீரர்களுக்கு எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை என்று ஒவ்வொன்றாகத் தளர்வதை ஒரே கோளாறாகத் தொகுத்துக் காட்டியது. ஆண்களும் தப்புவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் முதல் அறிகுறிகளில் ஒன்று. “நல்லா ட்ரெயின் ஆயிட்டே, அதான்” என்று அதற்கும் சமாதானம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சர்க்கரை நோய் இவ்வளவு பெருகிய ஊரில் மைதாவுக்குப் பரிந்து பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. நடக்கவே நடக்காதவருக்கும் மருந்தெடுப்பவருக்கும் வேறு கணக்கு; அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாரம் அறுபது கிலோமீட்டர் ஓடுகிற, நோயில்லாதவருக்கு அந்த எச்சரிக்கையை அப்படியே பொருத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

வீட்டில் ரொட்டி சுடுவது ஓய்வு நாளுக்கு எதிரி என்பதையும் நான் ஏற்கவில்லை. மே மாதச் சென்னையில் ஈஸ்ட் கலந்த மாவு, ருசி ஏறும் முன்பே பொங்கி வழியும். ஐஸ் தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டைக் கால்வாசியாகக் குறைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால்தான் மணம் வரும். அடித்துப் பிசையவும் வேண்டாம். தண்ணீர் சற்றுத் தூக்கலாக விட்டு, அரை மணிக்கொரு தரம் கையை நனைத்துக்கொண்டு மாவை இழுத்து மடித்தால் போதும். மூன்றாவது மடிப்பில் ஒட்டலெல்லாம் போய் மாவு வழுவழுவென்று திரண்டுவிடும். ஞாயிறு மாலை இதைச் செய்து வைத்து, திங்கள் காலை சுடலாம். இடையில் வீட்டோடு இருந்தாக வேண்டும். சும்மா ஒரு அஞ்சு கிலோமீட்டர் போய்வரலாமா என்ற நினைப்புக்கு இடமில்லை. ஆனால் ஆர்டர் எடுத்து நாள் முழுக்க ஓவன் சூட்டில் நின்றால் அது ஓய்வாகாது. பல பெண்களுக்கு ஓய்வு நாளென்றாலே வாரம் முழுக்கச் சேர்ந்த வீட்டுவேலையைத் தீர்க்கும் நாள்தான். வீட்டிலிருப்பவர்கள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் எந்த அட்டவணையும் பலிக்காது.

பயிற்சியாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அட்டவணையில் திங்கள்கிழமைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ‘ஓய்வு’ என்று எழுதி, பக்கத்திலேயே அன்றைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒரு லட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போடும் படங்களைக் குழுவில் அனுப்பாதீர்கள். யாராவது எடை குறைந்ததென்று சந்தோஷமாக வந்து சொன்னால், கைதட்டும் முன் சரியாகத் தூங்குகிறாரா, கணைக்காலில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள்.