எங்களுக்கு அரபி தெரியாது

அரபி படிக்க வெளிநாடு போறோம், ஹாஸ்டல்ல தங்கறதா இல்ல ஒரு குடும்பத்தோட வீட்டுல தங்கறதான்னு போன மாசம் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா பதில் எழுத சோம்பேறித்தனம். அதனால இங்கேயே.

என் கட்சி: வீட்டுல தங்குங்க. ஆனா வழக்கமா சொல்ற காரணத்துக்காக இல்ல. "இருபத்துநாலு மணி நேரமும் மொழியில மூழ்கலாம், குடும்பத்துல ஒருத்தரா ஆயிடலாம்"னு விளம்பரத்துல போட்டிருப்பாங்க. மூழ்கறதும் இல்ல, ஒருத்தரா ஆகறதும் இல்ல. மாசாமாசம் காசு கொடுத்துத் தங்குற ஆள் நாம, அதை மறக்காம இருக்கறது ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. நான் சொல்ற காரணம் வேற. வகுப்புல சொல்லித் தர்ற அரபி, அந்த ஊர்ல யாருமே வீட்டுல பேசாத அரபி.

நான் தங்கினது ஜோர்டான் தலைநகர் அம்மான்ல, மூணு மாசம். பொட்டி தட்டுற வேலைக்கு சம்பளமில்லா லீவு போட்டுட்டுப் போனேன் (மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தது தனிக்கதை). 2011க்கு முன்னாடி வரைக்கும் அரபி படிக்கிற வெளிநாட்டுப் பசங்க நிறைய பேர் டமாஸ்கசுக்குத்தான் போவாங்க. சிரியாவுல போர் ஆரம்பிச்சதும் அந்தக் கூட்டத்துல ஒரு பெரிய பங்கு அம்மான் பக்கம் திரும்பிடுச்சு.

விஷயம் என்னன்னா, அரபின்னு ஒரே பேர்ல ரெண்டு மொழி ஓடுது. செய்தி, பாடப்புத்தகம், மேடைப்பேச்சு எல்லாம் ஃபுஸ்ஹா. வீடு, டாக்சி, காய்கறிக்கடை, காதல், சண்டை எல்லாம் ஆம்மிய்யா, அதாவது பேச்சு வழக்கு. "உனக்கு என்ன வேணும்?"னு கேக்கறதுக்கு வகுப்புல "மாதா துரீத்?" (நம்ம மாதா இல்லீங்க). வீட்டுல "ஷூ பித்தக்?" 'இப்போ'ங்கறதுக்கு வகுப்புல "அல்-ஆன்", வீட்டுல "ஹல்ல". ஜன்னல் அங்க "நாஃபிதா", இங்க "ஷுப்பாக்". ஃபுஸ்ஹாவை மட்டும் கத்துக்கிட்டு டீக்கடைக்குப் போறது, சைதாப்பேட்டையில நின்னு "ஐயா, அருந்துவதற்கு யாதுளது?"ன்னு கேக்கற மாதிரி. புரியும். டீயும் கிடைக்கும். கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கற 'அல்-கிதாப்' பாடப்புத்தகத்துல ஆரம்பத்துலயே 'ஐக்கிய நாடுகள் சபை'ங்கற சொல் வந்துடும். கதையில வர்ற மஹாங்கற பொண்ணோட அப்பா அங்கதான் வேலை பார்க்கறார். நியாயமா சொல்லணும்னா, 2011ல வந்த மூணாவது பதிப்புல எகிப்து, சிரியா பேச்சு வழக்கையும் சேர்த்துட்டாங்க. ஆனாலும் கரண்டி எங்க இருக்குன்னு கேக்க அடுப்படிக்குத்தான் போகணும்.

இலக்கணமே அடுப்படியிலதான் எனக்கு ஏறுச்சு. அரபியில பெரும்பாலான சொற்களுக்கு மூணு மெய்யெழுத்து வேர். அதை ஒரு அச்சுல ஊத்தினா ஒரு அர்த்தம், வேற அச்சுல ஊத்தினா வேற அர்த்தம். 'செய்யப்பட்டது'ன்னு பொருள் தர்ற அச்சுக்கு வகுப்புல உதாரணம் மக்தூப் (எழுதப்பட்டது), மஃப்ஹூம் (புரிஞ்சுகொள்ளப்பட்டது). போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டோம், மறந்துட்டோம். அன்னிக்கு வீட்டுல மக்லூபா. சோறு, கத்திரிக்காய், கறி எல்லாத்தையும் பானையில அடுக்கி வேகவச்சு, பெரிய தட்டுல அப்படியே கவுத்துப் போடுவாங்க. மக்லூபான்னா கவிழ்க்கப்பட்டது! எண்ணெயில ஊறப்போட்ட குட்டிக் கத்திரிக்காய், மக்தூஸ். கையால உருட்டின கோதுமைக் குருணை, மஃப்தூல். உள்ளே அடைச்சது மஹ்ஷி, சுட்டது மஷ்வி. ஒரே ஃபங்ஷன், வேற வேற ஆர்க்யுமென்ட். சாப்பாட்டு மேஜை மொத்தமும் செயப்பாட்டு வடிவம். மூணு வாரப் பாடம் ஒரு தட்டுல முடிஞ்சுது.

அடுத்தது காப்பி. ஃபுஸ்ஹாவுல 'கஹ்வா', முதல் எழுத்து தொண்டைக்குள்ள ஆழத்துலேர்ந்து வரணும். வீட்டய்யா அதை 'தங்கம்'ல வர்ற க மாதிரி போட்டு "கஹ்வே"ம்பார். வீட்டம்மா அந்த எழுத்தை அப்படியே முழுங்கிட்டு "அஹ்வே"ம்பாங்க. ஒரே வீடு, ஒரே பானம். ஜோர்டான் பூர்வீகக்காரங்க ஒரு மாதிரி, பாலஸ்தீன நகரங்கள்லேர்ந்து 1948லயும் 1967லயும் வந்து சேர்ந்த குடும்பங்கள் ஒரு மாதிரி. அது காலப்போக்குல அம்மான்ல பெரும்பாலும் ஆம்பளை உச்சரிப்பு, பொம்பளை உச்சரிப்புன்னு பிரிஞ்சு நிக்குது. என்கூடப் படிச்ச ஜெர்மன் பையன் ஒருத்தன் அவன் வீட்டம்மாகிட்ட மட்டுமே பேசிப் பழகினான். ஆறடி உயரம், தாடி. டாக்சியில ஏறி வாயைத் திறந்தா அறுபது வயசு அம்மா பேசற மாதிரி இருக்கும். டிரைவருங்க சந்தோஷமா சிரிச்சாங்க, அவனும் கண்டுக்கல :-)

நமக்கு ஒரு வசதி இருக்கு. அங்க அம்மா பிள்ளையை "மாமா"ன்னு கூப்பிடுவாங்க, அப்பா பிள்ளையை "பாபா"ன்னு கூப்பிடுவார். அதாவது தனக்குரிய உறவுப் பேராலேயே பிள்ளையைக் கூப்பிடறது. என்னை வீட்டம்மா "ஃகால்த்தோ"ம்பாங்க, அப்படின்னா சித்தி! ஜெர்மன்காரனுக்கு இதைப் புரிய வைக்க ஒரு வாரம் ஆச்சு. மகனை "சொல்லுப்பா"ன்னும் மகளை "வாம்மா"ன்னும் கூப்பிடற ஊர்லேர்ந்து போன எனக்கு ஒரு நொடிகூட ஆகல.

இன்னொரு வசதி, அரபிக்காரங்க பெருமைப்படற எழுத்து. 'ளாத்' எழுத்து எங்க மொழியிலதான் இருக்குன்னு அவங்களுக்கு அப்படி ஒரு கர்வம், நமக்கு ழ மாதிரி. நம்மூர் முஸ்லிம்கள் ரமழான்னு ழ போட்டு எழுதறது அந்த எழுத்துக்காகத்தான். அதே எழுத்து பாரசீகம், உருது வழியா சுத்தி வந்தப்ப ஜ ஆயிடுச்சு. கோர்ட்டுல 'ஆஜர்', 'ஜாமீன்' ரெண்டுலயும் அது ஒளிஞ்சிருக்கு. கடைக்குப் போயிட்டு வான்னு சொன்னா அங்க பையன் "ஹாளிர்"ம்பான். நம்ம ஆஜரேதான்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த அந்த வீட்டம்மா, ஒரு நாள் என் ஹோம்வொர்க் நோட்டை எடுத்துப் புரட்டினாங்க. சொல்லோட கடைசியில உ, அ, இ எல்லாம் இலக்கணப்படி குறி போட்டு எழுதியிருந்தேன். பார்த்துட்டு சொன்னாங்க, "எங்களுக்கு அரபி தெரியாதுப்பா. நாங்க பேசறது உடைஞ்ச பாஷை. உனக்குத்தான் சரியான அரபி தெரியும்."

அறுபது வருஷமா அரபியில அழுது சிரிச்சு சண்டை போட்டு அஞ்சு பிள்ளை வளர்த்தவங்க. ரெண்டு மாசம் முன்னாடி விமானத்துலேர்ந்து இறங்கினவன்கிட்ட சொல்றாங்க இதை. எனக்குக் கோவமே வந்துச்சு, அவங்க மேல இல்ல. எங்க பாட்டி ரேடியோவுல யாராவது பேசினா "அது தமிழு, நாம பேசறது என்னத்த"ம்பாங்க. 'வந்துச்சு'ன்னு எழுதினா சண்டைக்கு வர்றவங்களை நாமளும் பார்த்திருக்கோம். சார்லஸ் ஃபெர்குசன்ங்கற மொழியியலாளர் 1959ல இந்த ரெட்டை மொழி நிலையைப் பத்தி எழுதின கட்டுரை பிரபலம். அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல்னு நாலை வச்சு விளக்கிட்டு, தமிழும் இதுக்கு அப்படியே பொருந்துதுன்னு எழுதினார். கிரேக்கர்கள் 1976ல பேச்சு மொழியையே அரசாங்க மொழியா வச்சுக்கிட்டாங்க. மத்தபடி நாமளும் அரபிக்காரங்களும் ஒரே திண்ணையில உக்காந்திருக்கோம்.

அந்தப் பள்ளிக்கூடம் அனுப்பின பில்லுல வீட்டம்மா 'உணவும் தங்குமிடமும்'ங்கற வரியில இருந்தாங்க. 'பேச்சு அரபி'ன்னு வாரம் ரெண்டு மணி நேர வகுப்பு, அது தனி வரி, தனிக் கட்டணம். என் கட்டணத்துல எவ்வளவு அந்த அம்மா கைக்குப் போகுதுன்னு கேட்டேன். அது நிர்வாக விஷயம்னுட்டாங்க.

இதைவிடவும் ஒண்ணு இருக்கு. அதே கட்டிடத்துல மேல் மாடியில ஒரு வீட்டுல வேலை செய்யறவங்க, மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ் அக்கா. படிக்கட்டுல நான் காவலாளிகிட்ட பேசறதைக் கேட்டுட்டு, "தம்பி, நீங்க கதைக்கிறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. இப்படிச் சொல்லுங்க"ன்னு திருத்தினாங்க. அப்படித்தான் பழக்கமாச்சு. பதினோரு வருஷமா அங்க இருக்காங்க. காய்கறிக்காரனோட அவங்க பேரம் பேசறதைக் கேக்கணும்! அஹ்வே, கஹ்வே ரெண்டும் வரும், ஆள் பார்த்து மாத்துவாங்க. எங்க வகுப்புல ஒருத்தருக்கும் அதுல கால்வாசி வராது. அவங்களும் ஒரு அரபுக் குடும்பத்தோட வீட்டுலதான் தங்கியிருக்காங்க, எங்களைவிட நாற்பது மடங்கு காலம். ஆனா அதை யாரும் மொழி கத்துக்கறதுன்னு சொல்றதில்ல. "அவளுக்கு ஷ்வய்யே அரபி தெரியும்"னாங்க அந்த வீட்டுக்காரங்க. கொஞ்சூண்டு, அப்படின்னு அர்த்தம். 'சிரிலங்கிய்யே'ங்கற ஊர்ப்பேரையே வேலைக்காரிக்குச் சொல்லா வச்சிருக்கற வட்டாரம் அது. மூணு மாசம் முடிச்ச எனக்குச் சான்றிதழ் கொடுத்தாங்க, நடுத்தர நிலைன்னு போட்டு.

சான்றிதழ் அளக்கறது எந்த அரபியை, யார் வாயிலேர்ந்து வர்ற அரபியைங்கறது அங்க இருந்தப்பதான் எனக்கு உறைச்சுது. அதனாலதான் ஹாஸ்டல் வேணாங்கறேன். ஹாஸ்டல்ல இருந்தா ஃபுஸ்ஹா நல்லா வரும், பரீட்சையும் பாஸ் பண்ணிடலாம், இப்படி ரெண்டு ஆசிரியைகள் இருக்காங்கன்னே தெரியாமத் திரும்பி வந்துடலாம்.

போறவங்களுக்கு சில்லறை விஷயங்கள். சாப்பாட்டு மேஜையில அந்த வீட்டுப் பசங்க உங்ககிட்ட இங்கிலீஷ் பழகப் பார்ப்பாங்க, அவங்களுக்கு அது ட்யூஷன் மிச்சம். தினம் அரை மணி நேரம்னு பேசி முடிவு பண்ணிக்குங்க. ஆம்பளைப் பசங்களை வீட்டுல வைக்கப் பல குடும்பங்கள் தயங்கும், அதனால முன்கூட்டியே கேட்டு வைங்க. சாப்பிட்டதும் "யிஸ்லமூ இதேய்க்கி"ன்னு சமைச்சவங்களுக்குச் சொல்லணும், கை நல்லா இருக்கட்டும்னு அர்த்தம். இது பாடத்துல ரொம்ப லேட்டாத்தான் வரும். அப்புறம், பக்கத்துல தமிழ் பேசற அக்கா யாராவது வேலை பார்த்தா வணக்கம் சொல்லிப் பழகுங்க. அவங்களுக்கு லீவு நாள் இருக்கான்னும் கேளுங்க.

குளிக்கறதுல கவனம். அம்மான்ல நிறைய வீடுகளுக்குக் குழாய்த் தண்ணி வாரத்துக்கு ஒரு நாள்தான், மொட்டை மாடித் தொட்டியில பிடிச்சு வச்சுத்தான் மீதி நாள் ஓட்டணும். தண்ணி வர்ற முறைக்கு "தோர் எல்-மய்"னு பேர். உங்க தெருவுக்கு அது என்னிக்குன்னு போன அன்னிக்கே கேட்டுக்குங்க, துணி துவைக்கறது அன்னிக்குத்தான்.